சோழி விளைந்த தீவு: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி (வாசகர் ஒருவர்): பழைய கடல்வணிகம் பற்றிப் பேசும்போது மாலத்தீவு மாதிரிச் சின்னத் தீவுகளை எதற்கு இழுக்கிறீர்கள்? கப்பல்கள் தண்ணீர் பிடிக்கவும் புயலுக்கு ஒதுங்கவும் நின்ற இடங்கள் அவை. வாங்கியதும் விற்றதும் பெரிய நாடுகள். தேங்காயைத் தவிர அங்கே என்ன இருந்தது?

ஜனவரி 6, இரவு

சோழி இருந்தது.

தாயத்தில் உருட்டுகிறோமே, பல்லாங்குழியில் போடுகிறோமே, ஜோசியர் துணி விரித்துக் குலுக்கிப் போடுகிறாரே, அதே சோழிதான். வங்காளத்திலும் ஒடிசாவிலும் நூற்றாண்டுக்கணக்கில் கடைத்தெருக் காசு அது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய பெனின், நைஜீரியா பக்கமும் அதுவே காசு. ஒன்றுக்கொன்று பேர்கூடத் தெரியாத இரண்டு ஊர்ச் சந்தைகளிலும் ஒரே கடல்பூச்சியின் (ஒரு வகை நத்தை) ஓட்டை எண்ணிக் கொடுத்துச் சாமான் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஓடு பெரும்பாலும் விளைந்தது மாலத்தீவில்.

ஆகவே அது தண்ணீர் பிடிக்கும் இடம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஒரு நாணயச்சாலை. இரண்டு கண்டங்களுக்குக் காசு அடித்துக் கொடுத்த நாணயச்சாலை. தூத்துக்குடியில் என் ஆச்சி வீட்டுப் பல்லாங்குழியில் கிடக்கும் சோழிகளும் அங்கே பிறந்தவையாகத்தான் இருக்கும்.

ஜனவரி 7, காலை

எப்படி எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நேரில் பார்த்து எழுதிய இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதல் ஆள் இபின் பதூதா என்ற மொராக்கோ யாத்ரீகர். 1343இல் மாலத்தீவு போய், அங்கே காஜியாக (இஸ்லாமிய நீதிபதி) வேலை பார்த்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டு இருந்தவர். கடலில் பொறுக்கிய சோழியைக் கரையில் குழி தோண்டிப் போட்டுவிடுவார்கள், உள்ளே இருக்கும் சதை அழுகிப் போனதும் வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும் என்கிறார். அந்த நாற்றத்தை அவர் எழுதவில்லை. சிப்பிக் கிடங்குப் பக்கம் ஒருமுறை நடந்து போனவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

இரண்டாம் ஆள் பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர். 1602இல் அவர் வந்த கப்பல் பவளத்திட்டில் மோதி உடைந்தது. ஐந்து வருஷம் அந்தத் தீவுகளிலேயே கிடந்தார், மொழி கற்றுக்கொண்டார், 1607இல் வங்கத்திலிருந்து வந்த படை தலைநகர் மாலேயைச் சூறையாடியபோது அந்தக் கப்பல்களில் ஏறித்தான் வெளியே வந்தார். சோழியை அங்கே 'போலி' என்பார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் மாலத்தீவின் திவேகி மொழியில் அதுதான் சொல்.

அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது இந்த இடம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னே மூன்று நாள், பின்னே மூன்று நாள். அப்போதுதான் எடுப்பு. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மணலில் துழாவி எடுப்பார்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம்: அந்த நாள்களில்தான் கடல் நன்றாக வற்றும், திட்டு வெளியே தெரியும்.

எண்ணி, பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரமாகத் தென்னோலைப் பொதியில் கட்டுவார்கள். ஒரு வருஷம் சோழி மட்டுமே ஏற்றிய முப்பது, நாற்பது கப்பல் வங்கத்துக்குக் கிளம்பியதைப் பார்த்ததாக அவர் கணக்கு.

பதிலுக்கு வந்தது அரிசி. பவளத்தீவில் நெல் விளையாது. அந்தத் தீவுக்காரர்களுக்குச் சோழி ஆடம்பரமோ நகையோ கிடையாது. சாப்பாடு.

ஜனவரி 7, மாலை

ஒரு சின்னச் சேர்ப்பு. இபின் பதூதா இன்னொன்றும் சொல்கிறார்: ஏமன் நாட்டுக்காரர்கள் கப்பல் சாயாமல் இருக்க அடியில் மணலுக்குப் பதில் சோழியைக் கொட்டிக்கொண்டு போவார்களாம்.

இதுதான் பிற்பாடு ஐரோப்பியர்களுக்கும் வசதியாகப் போனது. துணி, தேயிலை எல்லாம் லேசான சரக்கு. அவற்றை மட்டும் ஏற்றினால் கப்பல் தள்ளாடும். அடியில் பாரம் வேண்டும். கல்லைப் போட்டால் கல். சோழியைப் போட்டால் ஊர் போய்ச் சேர்ந்ததும் விற்றுக் காசாக்கலாம். உப்புத் தண்ணீர் பட்டாலும் கெடாது, எலி கடிக்காது, கீழே கொட்டினால் உடையாது. மணலுக்குப் போட்டியாகக் கப்பலின் அடித்தளத்தில் ஏறிய பண்டம் இது.

ஜனவரி 9

"ஆப்பிரிக்கர்களுக்குத் தங்கம் இருந்ததே, ஏன் சிப்பியை வாங்கினார்கள், ஏமாற்றிவிட்டார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்கு உறுத்துகிறது. கண்ணாடி மணியைக் காட்டி ஏமாற்றிய கதை பள்ளிக்கூடத்திலிருந்தே நம் மனசில் உட்கார்ந்துவிட்டது.

ஏமாறவே இல்லை. நன்றாக யோசித்துத்தான் சோழி கேட்டார்கள். தங்கத்தூளை வைத்துக்கொண்டு சந்தையில் ஒரு கை வெண்டைக்காய் வாங்க முடியாது. தராசு வேண்டும், கலப்படம் பார்க்க வேண்டும். சோழியில் கள்ளக்காசு அடிக்க முடியாது. ஒரு சோழியை உருவாக்க ஒரு பூச்சியைத்தான் வளர்க்க வேண்டும். தேயாது, துருப்பிடிக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிவிடலாம். சில்லறை என்ற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை அந்தக் காலத்தில் ஐரோப்பாவாலும் கொடுக்க முடியவில்லை. தரமான செப்புச் சில்லறை இல்லாமல் ஐரோப்பிய ஊர்களே தவித்த காலம் அது.

கரையில் இறங்கிய வெள்ளைக்காரர்கள் வேறு சிப்பி கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் சின்னதாக, வெள்ளையாக இருக்கும் மாலத்தீவுச் சோழிதான் வேண்டும் என்றார்கள். எடை குறைவு என்பதால் தலைச்சுமையில் கூடுதல் எண்ணிக்கை போகும்.

எண்ணும் முறையைப் பாருங்கள். விதா துறைமுகத்தில் (இன்றைய பெனின்) நாற்பது சோழி கோத்தால் ஒரு சரம். ஐந்து சரம், அதாவது 200 சோழிக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர் 'கலீன்யா'. கோழி என்று அர்த்தம். இருபது 'கோழி' சேர்ந்தால் 4,000, ஒரு 'தலை'.

வங்கத்தில் வேறு கணக்கு. நாலு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பணம், பதினாறு பணம் ஒரு காகன். ஒரு காகனுக்கு 1,280 சோழி. இரண்டு ஊரிலும் சந்தைப் பெண்கள் இந்தக் கணக்கைக் காகிதமில்லாமல் போட்டிருப்பார்கள். காலணா, அரையணாக் கணக்கை விரல்விட்டே முடித்த நம் பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

எண்ணுவது பற்றி எழுதியதும் பல்லாங்குழி ஞாபகம் வந்துவிட்டது, விஷயம் கொஞ்சம் விலகுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மாலத்தீவிலும் பல்லாங்குழி உண்டு. 'ஓவளு கொண்டி' என்பார்கள், எட்டுக்குழி. பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குழி, போடுவது சோழி. மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்கு உறவான ஆட்டங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. யார் யாரிடம் கற்றார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சோழி போன எல்லா ஊரிலும் குழி தோண்டி எண்ணி விளையாடும் மனுஷர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷம்.

ஜனவரி 10

கணக்கு கேட்டவருக்கு.

இபின் பதூதா மாலத்தீவில் ஒரு தங்க தீனாருக்கு நாலு லட்சம் சோழி என்கிறார், மலிந்த சமயத்தில் பன்னிரண்டு லட்சம் வரைக்கும்கூட. அதே ஆள் பத்து வருஷம் கழித்து மாலி நாட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு தீனாருக்கு 1,150 சோழி. நாலு லட்சத்தை வைத்துக் கணக்குப் போட்டாலே விலை ஏறக்குறைய 350 மடங்கு ஏறியிருக்கிறது. அப்போது வழி வேறு: அரபுக் கப்பல், அப்புறம் எகிப்து, அப்புறம் சகாரா பாலைவனத்தில் ஒட்டகம். வழிநெடுக ஆளாளுக்குப் பங்கு.

இந்த வித்தியாசம்தான் போர்த்துகீசியரின் கண்ணை உறுத்தியிருக்கும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடல் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சோழி கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள். 1558இல் மாலேயையே பிடித்துப் பதினைந்து வருஷம் ஆண்டார்கள். 1573இல் உள்ளூர்த் தலைவரான முகம்மது தக்குருஃபானு அவர்களை விரட்டினார். அதன் பிறகு வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தீவைப் பிடிக்க மெனக்கெடவில்லை. டச்சுக்காரர் கொழும்பிலும் காலியிலும் உட்கார்ந்துகொண்டு, வரும் மாலத்தீவுப் படகுகளிடம் வாங்கினார்கள். ஆங்கிலேயர் ஒடிசாவின் பாலேஸ்வரத்தில் வாங்கினார்கள். மாலத்தீவுப் படகுகள் தென்மேற்குக் காற்றில் அங்கே போய், அரிசி ஏற்றிக்கொண்டு வாடையில் திரும்பும்.

1700க்கும் 1790க்கும் இடையில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது சுமார் 11,400 டன். எண்ணிக்கையில் ஏறத்தாழ 1,000 கோடி சோழி.

அது போன பாதையை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தேன். மாலத்தீவிலிருந்து பாலேஸ்வரம். அங்கிருந்து நன்னம்பிக்கை முனை சுற்றி லண்டன் அல்லது ஆம்ஸ்டர்டாம். அப்படிப் போகும்போது, எந்த ஊரில் செலவாகப் போகிறதோ அந்த ஆப்பிரிக்காவைத் தாண்டித்தான் போகிறது, நிற்பதில்லை. ஐரோப்பாவில் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் பீப்பாயில் அடைத்து வேறு கப்பலில் ஏற்றி மறுபடியும் தெற்கே, மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்கு. ஆசியச் சரக்கு முதலில் தாய்நாட்டுத் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிகளின் ஏகபோகம் இந்தச் சுற்றுக்கு முக்கியக் காரணம்.

ஜனவரி 12

நேற்று முழுக்க எழுதவில்லை. 1,000 கோடி என்று எழுதிவிட்டு, அதை வைத்து என்ன வாங்கினார்கள் என்று எழுதாமல் நிறுத்தியது எனக்கே சரியாகப் படவில்லை.

மனுஷர்களை வாங்கினார்கள்.

அந்தக் கரையில் அடிமை வியாபாரத்துக்குக் கொண்டுபோன சரக்குகளில் துணி, துப்பாக்கி, சாராயம், புகையிலை, இரும்புக் கம்பி எல்லாம் உண்டு. விதா பக்கம் சோழி இல்லாமல் பேரமே படியாது. விலை முழுவதையும் சோழியாகக் கொடுக்க மாட்டார்கள், ஒரு பங்கு சோழி, மிச்சம் மற்றவை. ஆனால் விலை பேசுவது சோழிக் கணக்கில். 1770களில் ஓர் ஆணின் விலை 1,60,000 சோழியைத் தாண்டியிருந்தது.

மேலே சொன்ன 11,400 டன்னை 1,000 கோடியால் வகுத்தால் ஒரு சோழி ஒரு கிராமுக்குச் சற்று மேல். 1,60,000 சோழி என்றால் 180 கிலோவுக்கு மேல் வருகிறது. அந்த மனிதரைப் போல மூன்று மடங்கு எடை.

ஒலாடா இக்குயானோ என்று ஒருவர். சின்ன வயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, பின்னால் தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கி, 1789இல் லண்டனில் தன் கதையை எழுதி வெளியிட்டவர். கடற்கரைக்கு வரும் வழியில் ஓர் ஊரில் தன்னை விற்றதைச் சொல்கிறார். அந்த ஊர்க் காசு விரல்நகம் அளவுள்ள சின்ன வெள்ளைச் சிப்பி, 172 சிப்பிக்குத் தன்னை விற்றார்கள் என்று. துறைமுக விலையோடு பார்த்தால் அந்த 172 பொருந்தவில்லை. சிறுபிள்ளை கேட்ட எண் அது, சரமோ மூட்டையோ வேறு எதையோ குறித்திருக்கலாம். ஆனால் விரல்நகம் என்ற அளவு பொருந்துகிறது. என் சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு சோழியை வைத்துப் பார்த்தேன். மூடிவிட்டது.

ஜனவரி 13

"சரி, நாணயச்சாலை என்றீர்களே, நாணயச்சாலை வைத்திருந்தவன் ஏன் பணக்காரனாகவில்லை?" நல்ல கேள்வி. நான் 6ஆம் தேதி எழுதிய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

காசு அடிக்கிறவனுக்கு அதன் மதிப்பைச் சொல்லும் அதிகாரம் இருக்கும். மாலத்தீவுக்கு அது இல்லை. வந்த கப்பலில் ஒரு பங்கைச் சுல்தானின் ஆள்கள் தாங்கள் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தது, வெளிவியாபாரம் மாலே வழியாகத்தான் நடக்கவேண்டும் என்ற கட்டு இருந்தது. அவ்வளவுதான். சோழி ஒரு வருஷம் வராவிட்டாலும் ஆம்ஸ்டர்டாமுக்கு நஷ்டம்தான், பட்டினியில்லை. அரிசிக் கப்பல் ஒரு வருஷம் வராவிட்டால் தீவுக்குப் பட்டினி. பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆகவே நாணயச்சாலை என்பதை எடுத்துவிட்டு 'வயல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைவித்தவர்களுக்குக் கிடைத்தது கூலி. விலை வேறு இடத்தில் நிர்ணயமானது. பருத்தி விளைவித்தவர், மிளகு விளைவித்தவர் கதைதான்.

ஆனாலும் கேள்வி கேட்ட முதல் வாசகரோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்காவிட்டால் விதாவில் பேரம் அப்படி நடந்திருக்காது. தான் பொறுக்கிய ஓடு எதை வாங்கப் போகிறது என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

ஜனவரி 15

"இதில் தமிழர் எங்கே?" இதைக் கேட்டவர் பெருமைப்பட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைப்பதைச் சொல்கிறேன்.

சோழி நம் பக்கம் காசாகப் பெரிதாகப் புழங்கவில்லை. நமக்குச் செப்புக்காசும் பணமும் வராகனும் இருந்தன. சோழிக்குப் பழைய தமிழ்ப் பெயர் பலகறை. சித்த வைத்தியத்தில் பலகறை பற்பம் இன்றும் உண்டு.

ஆனால் அதே கப்பல்களில் இன்னொரு சரக்கு ஏறியது. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித்துணி. ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிறது என்பதால் ஐரோப்பியர் அதற்குக் கினித்துணி என்றே பெயர் வைத்தார்கள். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690 முதல் 1781 வரை இந்தக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். நம் தறிகளில் நெய்ததும் அந்த மாலத்தீவு ஓடும் ஒரே துறைமுகத்தில், ஒரே ஆளை வாங்க, பக்கத்துப் பக்கத்தில் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து போன நீலச்சாயத் துணி செனகலில் பிசின் வியாபாரத்தில் காசு மாதிரியே ஓடியது.

நெசவாளருக்கும் அது போகும் இடம் தெரியாது. தீவுப் பெண்களுக்குச் சொன்ன அதே வார்த்தையை இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது. தறிக்காரருக்குக் கிடைத்ததும் கூலிதான், அதிலும் முன்பணம் கொடுத்தவர் பிடித்தம் போக.

ஜனவரி 18, இரவு

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "உங்கள் ஆச்சி வீட்டுச் சோழியின் முதுகைப் பார்த்தீர்களா? மஞ்சள் வளையம் இருந்தால் அது வேறு இனம்."

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினேன். மீன் வடிவப் பலகை, வால் பக்கம் கீல் கழன்றிருக்கிறது. சோழிகள் ஒரு பழைய பவுடர் டப்பாவில் இருந்தன. எழுபது. பதினான்கு குழிக்கு ஐந்தைந்து, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆச்சி அவ்வளவு கவனம்.

தரையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினேன். முதுகில் மெல்லிய மஞ்சள் கோடு, மோதிரம் வைத்து அழுத்தினது போல. 61 சோழிகளில் அது இருந்தது. ஒன்பதில் இல்லை. அந்த ஒன்பதும் விளிம்பில் முட்டு முட்டாகப் புடைத்து, பழுப்பேறிய மஞ்சளாக இருந்தன. மளிகைத் தராசில் வைத்தேன். எழுபதும் சேர்த்து 131 கிராம். ஒன்று கிட்டத்தட்ட 1.9 கிராம். கம்பெனிக் கப்பலில் போன மாலத்தீவுச் சோழியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஆகவே 6ஆம் தேதி எழுதியது தவறு. ஆச்சியின் சோழிகளில் பெரும்பாலானவை வளையச் சோழி. நம் மன்னார் வளைகுடாவிலேயே கிடைப்பது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அவர் சொல்லியிருக்காவிட்டால் நாற்பது வருஷம் கையில் புரண்ட பொருளின் முதுகைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஜனவரி 19

வளையச் சோழிக்கும் இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு என்பதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்ததும் சோழிக்குத் தேவை சரிந்தது. அப்புறம் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் இயந்திரங்களுக்கும் பனை எண்ணெய் தேவைப்பட்டது. நம்மூர்ப் பனையைச் சொல்லவில்லை, ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப்பனை. அதை வாங்க மறுபடியும் சோழி. 1840களில் ஹாம்பர்க் வியாபாரிகள் சான்சிபார் தீவுப் பக்கம் கொட்டிக் கிடந்த வளையச் சோழியைக் கண்டுகொண்டார்கள். அள்ளி லேகோசுக்குக் கொண்டுபோனார்கள். மாலத்தீவு, பாலேஸ்வரம், லண்டன் என்ற சுற்று எதுவும் இல்லை. மலிவு.

முதலில் மூக்கைச் சுளித்தவர்கள் போகப்போக வாங்கிக்கொண்டார்கள். கப்பல் கப்பலாக வந்து இறங்க, சோழியின் மதிப்பு விழுந்தது. ஆயுள் முழுக்க உழைத்து வீட்டுத் தரைக்குக் கீழே பானையில் புதைத்து வைத்தவர்கள் ஒரே தலைமுறையில் ஓட்டாண்டியானார்கள். ஓட்டாண்டி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன், மிஞ்சியது ஓடு மட்டும். 1904இல் ஆங்கில அரசு வட நைஜீரியாவுக்குள் சோழி இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. கானா நாட்டின் பணத்துக்கு 1965இல் 'செடி' என்று பெயர் வைத்தார்கள். அகான் மொழியில் சோழி என்று அர்த்தம்.

ஜனவரி 25

ஒடிசாப் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று திட்டியிருக்கிறீர்கள். நியாயம்.

வங்க மாகாணம் எவ்வளவு சோழி விழுங்கியது என்பதற்கு ஒரு காட்சி போதும். 1770களின் கடைசியில் சில்ஹெட்டுக்கு (இன்றைய வங்கதேசத்தில்) போன ராபர்ட் லிண்ட்சே என்ற கம்பெனி அதிகாரி எழுதியது: அந்த ஜில்லாவின் வரி இரண்டரை லட்சம் ரூபாய், முழுக்கச் சோழியாக வரும், ரூபாய்க்கு 5,120 சோழி. பெருக்கினால் 128 கோடி. அதை வைக்கக் கிடங்கு, டாக்காவுக்குக் கொண்டுபோகப் படகு வரிசை, வழியில் சேதாரம். ஒரே ஜில்லாவின் ஒரு வருஷ வரி இது. ஆப்பிரிக்காவுக்குப் போன 1,000 கோடி பிரமாண்டமாகத் தெரிந்தது, இதைப் படித்ததும் அது வங்கக் குளத்திலிருந்து முகந்த குடம் என்று தோன்றியது. ஒரே சோழி திரும்பத் திரும்பக் கை மாறும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கம்பெனி 1803இல் ஒடிசாவைப் பிடித்தது. கொஞ்ச வருஷத்தில் வரியை வெள்ளி ரூபாயில்தான் கட்ட வேண்டும் என்றது. விவசாயி கையில் இருப்பதோ சோழி. அதைக் கொடுத்து வெள்ளி வாங்கப் போனால் வட்டிக்கடைக்காரர் சொன்னதே விலை. உப்பு விலை ஏறியது, பாயிக்கர்களின் (மன்னருக்குப் படைவேலை செய்து நிலம் பெற்றவர்கள்) மானிய நிலம் போனது. 1817இல் குர்தாவில் பக்சி ஜகபந்து தலைமையில் கலகம். ஒரு ஓட்டைச் செல்லாது என்றால் ஒரு நாட்டின் உலை அணையும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிப்ரவரி 2

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் பெரியப்பாவைப் பார்த்தேன். எண்பத்திரண்டு வயது. தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் முப்பது வருஷம் போய்வந்தவர். இப்போதும் சாயங்காலம் பழைய துறைமுகப் பக்கம் வந்து உட்காருவார். மாலே போகும் தோணிக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏறிக்கொண்டிருந்தது. நானூறு வருஷமானாலும் அந்தத் தீவுகளுக்குச் சோறு கப்பலில்தான் போக வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"மாசிக் கருவாடு ஏத்துவோம். அது அமையாத நடையில, அடியில மணல அள்ளிப் போட்டுட்டு வருவோம். வெறும் தோணி ஆடும்லா."

சோழி?

"சோழிய யாரு ஏத்துவா. வீட்டுல பிள்ளைகளுக்குன்னு ஆளுக்கு ஒரு கை அள்ளி வேட்டியில முடிஞ்சுக்கிடுவோம். அதுக்கு அங்க யாரும் துட்டு கேக்க மாட்டாவ."

சட்டைப்பையிலிருந்து வளையம் இல்லாத அந்த ஒன்பதையும் எடுத்துக் காட்டினேன். ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டைவிரலால் முதுகைத் தடவிப் பார்த்தார். "அம்மைக்குக் கொண்டாந்து குடுத்தேன்" என்றார். எந்த வருஷம் என்று கேட்பதற்குள் தோணியில் யாரோ பாய்மரக் கயிற்றைத் தப்பாகக் கட்டுவதைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.